யாருமில்லைன்னு எழுதிக்கோங்க

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் எங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தில் சட்டகம் நடைமுறைக்கு வருகிறது. முழுப்பெயர் ‘குடும்ப நிலை மதிப்பீட்டுச் சட்டகம்’. சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் நிரஞ்சன் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூன்று வாரம் உட்கார்ந்து தமிழாக்கியது நான். ஜீப் ஓட்டும் தங்கதுரை அட்டையைப் பார்த்துவிட்டு, “சட்டகம்னா என்ன மேடம், சட்டமா பெட்டகமா?” என்று கேட்டான். எம்.ஏ. தமிழ் படித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது.

விஷயம் இதுதான். குழந்தைகள் சரியாக வளர்வார்களா என்று சந்தேகம் வந்த முப்பது குடும்பங்களுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். மூன்று பகுதி: பிள்ளையின் தேவை, பெற்றவரின் திறன், குடும்பத்துக்கு உள்ள ஆதரவு. மதிப்பெண்ணைக் கூட்டினால் நிறம் வரும். பச்சை என்றால் விட்டுவிடலாம். மஞ்சள் என்றால் உதவி செய்ய வேண்டும். சிவப்பு வந்தால் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் விசாரணை, அநேகமாகப் பிள்ளைகளுக்கு அரசு இல்லம். இது முன்னோட்டம், அதாவது சோதனை ஓட்டம் என்பதால் கேள்விகளில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாதாம். மாற்றுவானேன்? என் சொற்களில் குறை இருந்தால்தானே.

பயிற்சிக்காக எங்களையே நிரப்பச் சொன்னார்கள். ‘ஆதரவு’ பகுதியில் ‘இல்லை’ என்று போட்டேன். நாற்பத்துநான்கு வயதில் தனியாக இருப்பவள் வேறென்ன போடுவது?

வீட்டுக்கு வந்தால், கொடியில் காய்ந்த என் சேலைகளைக் கீழ்வீட்டு மரியசெல்வம் எடுத்து மடித்து வைத்திருக்கிறாள். காற்றில் பறந்துவிடுமாம். அவளுக்குக் காட்டன் சேலை மடிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப மடித்தேன்.

ஜூன் 5, வியாழன்

நாலு வீடு. நாலிலும் ஆதரவு ‘இல்லை’. செருப்பு வார் அறுந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

உப்பளத்து ஓரம், கருவேலங்காட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் காலனிக்குப் போனேன். முப்பிடாதி, வயது முப்பத்திரண்டு. கணவன் நான்கு வருடத்துக்கு முன் லாரி விபத்தில் போய்விட்டான். இவள் அளத்தில் உப்பு வாருகிறாள். விடிவதற்கு முன்னால் போனால் மதியம்தான் திரும்புவாள். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பிரியாவுக்குப் பத்து வயது. போன வருடம் பாதி நாள் பள்ளிக்கே வரவில்லை என்று பள்ளியிலிருந்து எழுதியிருந்தார்கள். சின்னவள் மகிழினிக்கு நான்கு வயது. மே மாதம் ஒரு விடியற்காலையில் அளத்துப் பாதையில் தன்னந்தனியாக நடந்து போன அந்தக் குழந்தையை வாட்ச்மேன் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். உப்பு லாரிகள் போகும் பாதை. அப்படித்தான் இந்தப் பெயர் எங்கள் பட்டியலுக்கு வந்தது.

முப்பிடாதி எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கால்களில் உப்புத் தண்ணீர் அரித்த புண். கேட்டதற்கெல்லாம் சட்சட்டென்று பதில் சொன்னாள்.

“குடும்பத்துக்கு ஆதரவாக இருப்பவர்கள் யார் யார்?” என்று படித்தேன்.

“யாருமில்லைன்னு எழுதிக்கோங்க.”

“உறவினர்கள்?”

“இல்ல மேடம்.”

“அக்கம்பக்கத்தார்?”

“அவுக அவுக பாட்டப் பாக்கவே நேரம் பத்தல. நீங்க யாருமில்லைன்னே எழுதிக்கோங்க.”

வாசலில் ஒரு பெண் பாத்திரம் ஒன்றைத் துணியால் மூடிக்கொண்டு வந்தாள். என் கையில் கோப்பைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினாள். யார் என்று கேட்டேன். “பக்கத்து வீடு” என்றாள் முப்பிடாதி. பக்கத்து வீட்டாரோடும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது, பாவம்.

பிரியா கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவர் கையிலும் மருதாணி சிவந்திருந்தது.

ஜூன் 13, வெள்ளி

இதுவரை பதினெட்டு குடும்பம் முடிந்தது. பதினாறில் ஆதரவு பூஜ்யம். போனில் சொன்னதும் நிரஞ்சனுக்கு ஒரே மகிழ்ச்சி. “இது பெரிய கண்டுபிடிப்பு மேடம். சமூகத் தனிமை! இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்” என்றார். இந்த ஊரில் ஒருவன் இரும்பினால் நாலு வீட்டுக்காரர்கள் கஷாயம் சொல்வார்கள். அந்த ஊரிலா தனிமை? ஆனால் கணக்கு அப்படிச் சொல்லும்போது நான் என்ன செய்ய?

முப்பிடாதிக்குச் சிவப்பு வந்துவிட்டது. பிள்ளை தனியாகப் பிடிபட்டிருக்கிறது, ஆதரவும் பூஜ்யம். இரண்டும் சேர்ந்தால் வேறு நிறத்துக்கு வழியே இல்லை. ஜூலை 3 விசாரணை. பத்து வயது ஆனவர்களுக்கு ஒரு இல்லம், சின்னவர்களுக்கு வேறொன்று. அது வேறு மாவட்டத்தில். அக்காவும் தங்கையும் சேர்ந்துகூட இருக்க முடியாது.

எனக்கு இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மதிப்பெண் மதிப்பெண்தான்.

மரியசெல்வம் கொடுத்துவிட்ட சாளை மீன் குழம்பு அப்படியே இருக்கிறது. புளி அதிகம்.

ஜூன் 15, ஞாயிறு

வீடு பெருக்கினேன். அந்த மருதாணி ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. உப்பு வாரும் கையால் இலை அரைக்க முடியாது. எரிச்சல் உயிரை எடுத்துவிடும். பின்னே யார் அரைத்தது?

ஜூன் 19, வியாழன்

ஜீப்பைச் சொல்லாமல், விடிந்தும் விடியாமலும் என் ஸ்கூட்டரிலேயே காலனிக்குப் போனேன். இந்த நேரத்தில் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும். அது என் வேலை.

தனியாக இல்லை. வாசலில் ஆறடி உயரத்தில் ஒரு மனிதர், லோடுமேன் என்று தோளே சொல்கிறது. சாக்கு விரித்து உட்கார்ந்து பிரியாவுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தார். வாயில் ரிப்பன். சின்னவள் அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். என் தோளில் பையைப் பார்த்தாரோ இல்லையோ, ரிப்பனைத் துப்பிவிட்டு, முதுகில் இருந்தவளை இறக்கிவைத்துவிட்டுக் கொல்லைப் பக்கமாகப் போய்விட்டார். சின்னவள் “மாமா, மாமா” என்று ஊரைக் கூட்டினாள்.

“யாரும்மா அது?” என்று பிரியாவைக் கேட்டேன்.

“யாருமில்ல” என்றாள். ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் விரித்த முடி. “நாங்க சொல்லக்கூடாது.”

முப்பிடாதி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிரியாவின் மற்ற சடையை நான்தான் பின்னிப் பள்ளிக்கு அனுப்பினேன். அவர் பின்னியது போல வரவில்லை. சின்னவள் கொஞ்ச நேரத்தில் என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

மதியம் வந்த முப்பிடாதி என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

“எங்கண்ணன் மேடம். சுடலைமுத்து. அன்னிக்குப் பாத்திரத்தோட வந்தது எங்க மைனி, அவன் பொண்டாட்டி.”

“அப்புறம் ஏம்மா யாருமில்லைன்னு சொன்னீங்க?”

“நீங்க கேட்டிய, சொன்னேன்.”

“நான் ஆதரவு யாருன்னுதானே கேட்டேன்!”

“அதான் மேடம். அந்த வார்த்தைதான்.” சுவரைக் காட்டினாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் லேமினேஷன் செய்த சான்றிதழ். ஆதரவற்ற விதவை. “இதுக்கு விசாரிக்க வந்தாவள்ளா, அப்பமும் இதையேதான் கேட்டாவ. ஆதரவு உண்டா, உண்டா, உண்டான்னு. உண்டுன்னா சர்ட்டிபிகேட் இல்ல. சர்ட்டிபிகேட் இல்லைன்னா பென்ஷன் இல்ல. தெருவே சேந்து இல்லைன்னு சொல்லிச்சு. பைலத் தூக்கிட்டு யாரு வந்தாலும் எங்கண்ணன் எந்திச்சுப் போயிருவான்.”

பிறகு தானாகவே சொன்னாள். “சின்னவளுக்குக் காது குத்தினப்பம் மடியில வச்சுக்கிட்டது அவன்தான். போட்டோவுல மட்டும் இல்ல. யாரும் பாத்துட்டா என்ன செய்யன்னு ஒதுங்கிட்டான்.”

மே மாதம் சின்னவள் தனியாகப் போனாளே, அதையும் கேட்டேன். அன்றைக்கு விடியுமுன்னே சுடலைமுத்துவை லோடுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மைனியை எழுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறார். மைனி வந்து சேர்வதற்குள் குழந்தை விழித்து மாமாவைத் தேடி லாரிப் பாதையில் நடந்திருக்கிறது. நான் ‘கவனிப்பின்மை’ என்று எழுதியது இதைத்தான்.

“எழுதிராதீங்க மேடம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கண்ணன் பேர எழுதமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். வேறென்ன செய்வது? ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் உறைத்தது. ‘ஆதரவு’ என்ற சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டது நான். ‘துணை’ என்று போடலாமா என்று தங்கதுரைகூடக் கேட்டான். துணை என்றால் கல்யாணம் என்று நினைப்பார்கள் என்று அவன் வாயை அடைத்தேன். அகராதியில் பார்த்த நான் ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

நிரஞ்சனிடம் பேசினேன். ஆதரவு என்ற சொல்லுக்கு இங்கே வேறு அர்த்தம், அதைக் கேட்டாலே சனங்கள் பென்ஷன் விசாரணை என்று நினைக்கிறார்கள், மாற்றியாக வேண்டும் என்றேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, “பாதி முன்னோட்டத்தில் கேள்வியை மாற்றினால் முழு ஆய்வும் வீண் மேடம். அறிக்கையில் ஒரு குறிப்பாகச் சேர்த்துவிடலாம்” என்றார்.

குறிப்பாம். அறிக்கை டிசம்பரில். அந்தப் பிள்ளைகளுக்கு விசாரணை ஜூலை 3.

ஜூன் 24, செவ்வாய்

காய்ச்சல். விடுப்பு. மரியசெல்வம் காலையில் கஞ்சியும் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் கொண்டுவந்தாள். மத்தியானம் வந்து மாத்திரை போட்டேனா என்று பார்த்தாள். சாயங்காலம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கலியாணம் கட்டியிருந்தா இப்படிக் கெடக்க வேண்டியிருக்குமா?” என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுடைய சீரியலை என் டிவியில் பார்த்தாள். சத்தம் தாங்கவில்லை. மற்றபடி யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தனியாகவே சமாளித்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

மீதியிருந்த வீடுகளில் இன்று ஐந்து. சட்டகத்தில் உள்ளபடி கேட்டு எழுதி முடித்தேன். ஐந்திலும் பூஜ்யம். பேனாவை மூடிவிட்டு, கிளம்புகிற மாதிரி எழுந்து நின்று, என் பாஷையில் கேட்டேன்: “பிள்ளைக்குத் திடீர்னு வயித்துவலி வந்தா யார் வீட்டுக் கதவத் தட்டுவீங்க?”

பெயர்கள் கொட்டின. மளிகைக்கடை அண்ணாச்சி, முன்னாள் மாமியார், சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளை, பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார். “சண்டைதான் மேடம், ஆனா பிள்ளைக்குன்னா ஓடி வருவா” என்றாள் ஒருத்தி. ஆதரவு இல்லாத ஒரு வீடுகூட இல்லை. எல்லாவற்றையும் பெயர் போடாமல் தனித்தாளில் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

சத்தியத்தைத் திருப்பி வாங்கலாம் என்று முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். அண்ணன் பெயரைச் சொன்னால்தான் பிள்ளைகள் வீட்டில் இருக்க முடியும் என்று விளக்கினேன். முடியாது என்றுவிட்டாள்.

“பென்ஷன் போனா போகட்டும் மேடம். நாலு வருசமா பொய் சொல்லியிருக்கோம்னு எங்கண்ணன இழுத்துட்டுப் போனா? அவனுக்கும் மூணு புள்ள.”

“அப்படியெல்லாம் யாரும் செய்யமாட்டாங்கம்மா.”

“நீங்க செய்யமாட்டிய. மத்தவிய?”

பிள்ளைகளை அனுப்பத் துணிந்துவிட்டாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

ஜூலை 3, வியாழன்

எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பாடு.

குழுவின் தலைவர் ஞானசுந்தரி அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாரென்றால் நானே கையைக் கட்டிக்கொள்வேன். கூட இரண்டு உறுப்பினர்கள். மேசையில் சிவப்புத் தாள். எதிரே பிரியாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முப்பிடாதி. இருப்பதில் நல்ல சேலை கட்டியிருந்தாள். பிரியாவுக்குச் சீருடை, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இறுக்கிப் பின்னிய சடை.

என் வேலை கேள்விகளைப் படிப்பது, அவள் பதிலை மறுபடி உறுதி செய்வது. அவ்வளவுதான். முதல் பகுதி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் ‘குடும்பத்துக்கு ஆதரவாக’ என்று ஆரம்பித்ததும் அவள் உதடு ‘யாருமில்ல’ என்று தயாராவதைப் பார்த்தேன்.

படிப்பதை நிறுத்தினேன். பெயரை எழுதமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கேட்கமாட்டேன் என்று செய்யவில்லையே.

“முப்பிடாதி, சின்னவ இப்ப எங்க?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

“அது அந்தத் தாளில் இருக்கிற கேள்வியா?” என்றார் தலைவர்.

“இல்லை அம்மா. தாளில் இருக்கிற கேள்வி தப்பு. எழுதினவளே நான்தான், அதனால் எனக்குத் தெரியும்.” குறித்துவைத்திருந்த தனித்தாளை எடுத்து வைத்தேன். பெயரில்லாத ஐந்து வீடுகள். ஆதரவு என்று கேட்டபோது பூஜ்யம், கதவு என்று கேட்டபோது அத்தனை பேர். அந்த வார்த்தை இந்த ஊரில் என்ன சொல்ல வைக்கும் என்று விளக்கினேன். நாற்பத்துநான்கு வயதில் தலைமையாசிரியைக்கு முன்னால் தப்பை ஒத்துக்கொள்வது சுலபமில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முப்பிடாதியிடம், “இங்க சொல்றது இந்த அறையை விட்டு வெளிய போகாதும்மா. யார் மேலயும் எதுவும் வராது. நான் பொறுப்பு. சின்னப் பிள்ளை எங்க?” என்றார்.

பிரியா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“சொல்லும்மா.”

“வெளிய” என்றாள் முப்பிடாதி. “டீக்கடையில. எங்கண்ணன்கிட்ட.” அவ்வளவு காலம் அடைத்துவைத்தது அதற்கப்புறம் நிற்கவில்லை. “ஒவ்வொரு ஆபீஸா போயி எனக்கு யாருமில்லன்னு சொல்லுவேன் அம்மா. சொல்லிட்டு வெளிய வந்து, எங்கண்ணன் வண்டியில ஏறித்தான் வீட்டுக்குப் போவேன். உள்ள நான் என்ன சொன்னேன்னு அவனுக்கும் தெரியும். ஒருநாளும் ஒண்ணும் கேக்கமாட்டான். வழியில எனக்கு வடை வாங்கித் தருவான்.”

நான் போய்க் கூட்டிவந்தேன். சுடலைமுத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, அறை வாசலிலேயே நின்றார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலைவர், “நீங்க யாருங்க?” என்று கேட்டார்.

அவர் மேசையைப் பார்த்தார். கோப்புகளைப் பார்த்தார். பழக்கம் விடுமா? “வழியில பாத்தேன் அம்மா” என்றார். “புள்ள அழுதுச்சேன்னு தூக்கினேன். எனக்கு இவுகளத் தெரியாது.”

“எண்ணே!” முப்பிடாதி எழுந்துவிட்டாள். “நான் சொல்லிட்டேண்ணே. நீ எங்கண்ணன்னு சொல்லிட்டேன்.”

ஆறடி மனிதர் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாது என்று சத்தமில்லாமல் அழுதார். உறுப்பினர் ஒருவர் தண்ணீர் ஊற்றப் போய் மேசையெல்லாம் கொட்டினார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவானது. காலையில் அண்ணனும் மைனியும் பொறுப்பு. பிரியா தினமும் பள்ளிக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்க்க வேண்டும். பொறுப்பாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். தலைவர் கேட்பதற்குள் முப்பிடாதியே சொன்னாள்: “தாய்மாமன்னு போடுங்க.”

ஜூலை 4, வெள்ளி

நிரஞ்சன் காலையிலேயே போனில் வந்தார். கோபம் என்றால் மரியாதையான கோபம். விதியை மீறிவிட்டேன், இனி இந்த முப்பது குடும்பத்துக் கணக்கும் செல்லாது என்றார். ஆமாம், செல்லாது என்றேன். பிறகு தனித்தாளில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். நாத்தனார் கதையை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கடைசியில், “அப்போ நான் எழுதின கட்டுரை?” என்றார்.

“அதையும் கிழிக்க வேண்டியதுதான்.”

சிரித்துவிட்டார். நல்ல பிள்ளைதான்.

ஜூலை 9, புதன்

புதிய கேள்விகளைத் தயாரிக்க இந்த முறை நான் தனியாக உட்காரவில்லை. அளத்துப் பெண்கள் ஆறு பேரையும் தங்கதுரையையும் கூட்டி உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ‘கவனிப்பு’ என்று படித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். “புள்ளைய நல்லா கவனிச்சீங்களான்னா, அடிச்சீங்களான்னுல்லா இருக்கு” என்றாள் ஒருத்தி. அதுவும் போயிற்று. என் எம்.ஏ. தமிழில் மிச்சம் கொஞ்சம்தான்.

ஜூலை 16, புதன்

முன்னோட்டம் மறுபடி முதலிலிருந்து. முதல் வீடாக முப்பிடாதி வீட்டுக்குத்தான் போனேன். நாற்காலி போட்டாள். நான் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முட்டி வலித்தது.

“பிள்ளைக்கு முடியலைன்னா யார் வீட்டுக் கதவத் தட்டுவீங்க?”

அண்ணனைச் சொன்னாள். மைனியைச் சொன்னாள். கூட உப்பு வாருகிற இருவரைச் சொன்னாள். சின்னவளைப் பாதையில் பிடித்து உட்காரவைத்த வாட்ச்மேன் தாத்தாவைச் சொன்னாள். அவர் இப்போது தினமும் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிறாராம். சான்றிதழ் விசாரணையில் ‘இவளுக்கு யாருமே இல்லை ஐயா’ என்று தெருவிலேயே ஓங்கிச் சாட்சி சொன்ன எதிர்வீட்டுக்காரியையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தாளில் மூன்று வரிதான் விட்டிருந்தோம். எழுத இடமில்லாமல் பேனாவைத் தூக்கினேன். அவள் என் கையைத் தட்டினாள்.

“எழுதுங்க மேடம். இன்னும் இருக்காவ.”